டர்பைன் வாங்குவதற்கு முன் ஒரு டிரம்மை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போங்கள்

வடசென்னை வியாசர்பாடியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு ஷாஃப்ட், இம்பெல்லர், காசிமேட்டு விசைப்படகுகளுக்கான ஷாஃப்ட், இவைதான் தினப்படி வேலை. என் மைத்துனருக்குத் தெரிந்த ஒருவர் கொல்லிமலையில் காபியும் மிளகும் போட்டிருக்கிறார். "தோட்டத்துக்குள்ளேயே ஓடை விழுகிறது, ஒரு டர்பைன் செய்து கொடுங்கள்" என்று வந்தார். பம்பைத் திருப்பி ஓட்டினால் டர்பைன், இதில் என்ன இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். அந்த ஒரு வார்த்தை என்னை ஒன்றரை வருஷம் மலைக்கும் வியாசர்பாடிக்கும் அலைய வைத்தது. முதல் மிஷினைக் கழற்றித் திரும்பக் கொண்டுவந்தேன். இரண்டாவதுதான் இப்போது ஓடுகிறது.

மலையில் ஓடை வைத்திருப்பவர்களுக்கும், என்னைப் போல அதைச் செய்து கொடுக்கத் துணிகிற பட்டறைக்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். விழும் தண்ணீரில் சுற்றிக் கரண்ட் எடுக்கும், 10 கிலோவாட்டுக்குள் இருக்கும் சின்ன மிஷின்களைப் பற்றித்தான் பேச்சு. நூல்களில் விசையாழி என்று போடுவார்கள். பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் டர்பைன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வடசென்னையில் இதைச் செய்யலாம், ஓட்ட முடியாது. நம் ஊர் தட்டை. பக்கிங்ஹாம் கால்வாயில் ஒன்று வைத்தால் என்ன என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் விழுவதற்கு உயரம் வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரில் கரண்ட் எடுக்கலாமே என்பது அடுத்த கேள்வி. 12 மீட்டர் உயரத்தில் இருக்கும் 1,000 லிட்டர் தண்ணீர் முழுதாக இறங்கினால் மொத்தம் 33 வாட் மணி. ஒரு 9 வாட் பல்பு மூன்றரை மணி நேரம் எரியும், அதுவும் ஒரு சொட்டு சக்திகூட வீணாகாவிட்டால். அந்தத் தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் அதைவிட அதிகமாகத்தான் எடுத்திருக்கும்.

1. தண்ணீரை லிட்டரில் அளந்துகொள்ளுங்கள்

தோட்டக்காரர் என்னிடம் "நாலு இன்ச் தண்ணி எப்பவும் வரும்" என்றார். போர்வெல் பேச்சு அது. நாலு இன்ச் என்பது குழாயின் வாய். அதில் வினாடிக்கு 3 லிட்டரும் ஓடலாம், 20 லிட்டரும் ஓடலாம். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. நாலு இன்ச் என்றே நோட்டில் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

200 லிட்டர் டிரம் ஒன்று போதும். மணலி பக்கம் பழைய டிரம் சுலபமாகக் கிடைக்கும். கெமிக்கல் இருந்ததா என்று கேட்டு, நன்றாகக் கழுவி எடுங்கள், ஓடைத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓடையை மண்மூட்டையால் மறித்து, தண்ணீர் முழுவதையும் ஒரு குழாய் வழியாக டிரம்மில் விழவிட்டு, நிறையும் நேரத்தைப் போனில் பாருங்கள். பன்னிரண்டரை வினாடியில் நிறைந்தால் வினாடிக்கு 16 லிட்டர். ஐந்து முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

தண்ணீர் அதைவிட அதிகம் என்றால் பலகையில் 90 டிகிரி ஆங்கில வி வடிவத்தில் வெட்டு போட்டு, ஓடையின் குறுக்கே நிறுத்துங்கள். வெட்டின் அடிமுனையிலிருந்து தண்ணீர் மட்டம் 10 செ.மீ. உயர்ந்தால் வினாடிக்குச் சுமார் 4.4 லிட்டர், 15 செ.மீ. என்றால் 12 லிட்டர், 20 செ.மீ. என்றால் 25 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மட்டத்தைப் பலகையை ஒட்டி எடுக்காதீர்கள். அங்கே தண்ணீர் சரிந்திருக்கும், ஒரு மீட்டர் பின்னால் தள்ளி எடுங்கள்.

எப்போது அளக்கிறீர்கள் என்பது எவ்வளவு அளந்தீர்கள் என்பதைவிட முக்கியம். மழைக்காலத்தில் மட்டும் அளந்து செய்த மிஷின் மாசியில் நின்றுவிடும். எங்கள் ஓடையில் டிசம்பரில் 16 லிட்டர், பிப்ரவரியில் 7, ஏப்ரலில் 3. இந்த மூன்று எண்களும் முதலிலேயே என் கையில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

2. உயரத்தை அளக்கப் போனை நம்பாதீர்கள்

தண்ணீர் எடுக்கும் இடத்துக்கும் டர்பைன் உட்காரும் இடத்துக்கும் நடுவே நேர் உயரம் எவ்வளவு என்பதுதான் ஹெட். முதல்முறை போன் செயலியில் 80 மீட்டர் என்று பார்த்தேன். நிஜம் 62.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் லெவலை வைத்துப் படிப்படியாக இறங்கி வந்தால் சரியாக வரும், ஆனால் ஒரு நாள் ஆகும். சுலபமான வழி, மேலிருந்து கீழே வரை ஒரு ஹோஸைப் போட்டு, காற்று இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கீழ்முனையில் பிரஷர் கேஜ் மாட்டுவது. ஹோஸ் கீழே மூடியிருக்க வேண்டும், தண்ணீர் ஓடக்கூடாது. ஒரு கிலோ பிரஷர் (சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ) என்றால் 10 மீட்டர். எங்களுக்கு 6.2 கிலோ காட்டியது. 10 கிலோ கேஜை வாங்குங்கள். 25 கிலோ கேஜில் ஆறும் ஆறேகாலும் ஒரே மாதிரி தெரியும்.

3. கணக்கு

லிட்டரை மீட்டரால் பெருக்கி, ஐந்தால் பெருக்கினால் வாட். டர்பைன், பெல்ட், ஜெனரேட்டர் எல்லாம் சாப்பிட்டது போக மிஞ்சுவதற்குச் சின்ன மிஷின்களில் இந்தக் கணக்கு சரியாகவே வருகிறது. ஹெட்டில் குழாய் உராய்வுக்குப் போவதைக் கழித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு டிசம்பரில் 16 × 58 × 5 = 4,640 வாட். ஏப்ரலில் 3 × 62 × 5 = 930 வாட். தண்ணீர் குறைந்தால் குழாயில் வேகமும் குறைகிறது, உராய்வும் குறைகிறது, அதனால்தான் ஏப்ரலில் 62 மீட்டரும் கிடைக்கிறது.

யாராவது இதே அளவுகளுக்கு 10 கிலோவாட் தருகிறேன் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். இருக்கிற சக்தி முழுவதையும் ஒட்ட எடுத்தாலே 9.81 × 0.016 × 58, அதாவது 9.1 கிலோவாட்தான்.

4. ரகத்தைத் தேர்ந்தெடுப்பது

எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான். எந்த டர்பைன் நல்லது என்று கேட்கிறார்கள். உங்கள் ஹெட்டும் லிட்டரும் தெரிந்தால் ரகம் ஏறக்குறைய தானாக முடிவாகிவிடும், நமக்குப் பெரிய சாய்ஸ் கிடையாது.

அடிப்படையில் இரண்டு குடும்பம். நம் ஏரியாவில் குத்துச்சண்டை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும்: ஒன்று குத்துகிற ரகம், இன்னொன்று தள்ளுகிற ரகம். குத்துகிற ரகத்தில் தண்ணீர் ஒரு முனை (நாசில்) வழியாகப் பீய்ச்சியடித்துச் சக்கரத்தைத் தாக்கும். சக்கரம் காற்றில் சுற்றும், அதைச் சுற்றி அழுத்தம் எதுவும் இல்லை. பெல்டன், டர்கோ, கிராஸ்ஃப்ளோ மூன்றும் இந்தப் பக்கம். தள்ளுகிற ரகத்தில் சக்கரம் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கியிருக்கும். அழுத்தத்தோடு நுழைந்த தண்ணீர் பிளேடுகளைத் தள்ளிக்கொண்டே அழுத்தம் குறைந்து வெளியே போகும். ஃபிரான்சிஸ், கப்லான், திருப்பி ஓட்டும் பம்பு எல்லாம் அந்தப் பக்கம்.

*பெல்டன்.* ஹெட் அதிகம், தண்ணீர் குறைவு என்றால் இதுதான். சக்கரத்தின் விளிம்பில் நடுவே வரப்பு வைத்த இரட்டைக் கிண்ணங்கள். ஜெட், அதாவது முனையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர், அந்த வரப்பில் பட்டு இரண்டாகப் பிரிந்து திரும்பி விழும். கிண்ணத்தின் வேகம் ஜெட் வேகத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்போது சக்தி அதிகம் கிடைக்கும். 58 மீட்டரில் ஜெட் வினாடிக்குச் சுமார் 33 மீட்டர் வேகத்தில் வரும். நிமிடத்துக்கு 1,500 சுற்றில் நேரடியாக ஜெனரேட்டரை ஓட்ட, கிண்ணங்களின் நடுவட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 200 மி.மீ. வர வேண்டும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. சக்கரத்தின் விட்டம் ஜெட்டின் விட்டத்தைப் போலப் பத்து மடங்காவது இருந்தால்தான் கிண்ணம் தண்ணீரைச் சரியாக வாங்கும். 16 லிட்டரையும் ஒரே முனையில் விட்டால் ஜெட் 25 மி.மீ., அதாவது எட்டு மடங்குதான். அதனால் இரண்டு முனை, ஒவ்வொன்றும் பதினேழரை மி.மீ. வைத்தேன். அதில் ஒரு லாபமும் கிடைத்தது. தண்ணீர் பாதியாகும்போது ஒரு முனையை மூடினால் போதும், மிச்சம் இருக்கும் முனை முழுப் பலத்தோடு அடிக்கும். ஏப்ரலுக்கு 11 மி.மீ. முனை ஒன்றைத் தனியாகக் கடைந்து கொடுத்திருக்கிறேன். தண்ணீர் பாதியானாலும் பெல்டனின் திறன் பெரிதாக விழுவதில்லை, மலை ஓடைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பெல்டனின் எதிரிகள் இலையும் மணலும். பதினேழரை மி.மீ. முனையில் ஒரு காபி இலை நுழைந்தால் ஜெட் சிதறிவிடும். இன்னொன்று, சக்கரம் கீழ்த் தண்ணீருக்கு மேலேயே சுற்ற வேண்டும். மழையில் ஓடை ஏறி சக்கரத்தைத் தொட்டால் நின்றுவிடும், அதனால் வெள்ள மட்டத்தைப் பார்த்து மேடை கட்டுங்கள். சக்கரத்துக்குக் கீழே இருக்கிற அந்த ஒன்று, ஒன்றரை மீட்டர் வீண்தான். 60 மீட்டரில் அது ஒரு பொருட்டில்லை.

*டர்கோ.* பெல்டனின் தம்பி. ஜெட் சுமார் 20 டிகிரி சாய்வில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். திரும்பி வரும் தண்ணீர் உள்ளே வரும் ஜெட்டை இடிக்காது, அதனால் அதே விட்டத்துக்கு இன்னும் தடிமனான ஜெட்டை விடலாம். எங்கள் 25 மி.மீ. ஒற்றை முனை டர்கோவில் நடந்திருக்கும். திறன் பெல்டனைவிடக் கொஞ்சம் குறைவு. கிண்ணத்தின் வளைவுக்கு பேட்டர்ன் (வார்ப்பட அச்சுக்கான மாதிரி) செய்வது கஷ்டம், அதனால் நான் தொடவில்லை. ரெடியாகக் கிடைக்கும் சக்கரத்தை வாங்குவதாக இருந்தால் யோசிக்கலாம்.

*கிராஸ்ஃப்ளோ.* வெல்டிங் பட்டறைக்காரர்களுக்குப் பிடித்தது இதுதான், எனக்கும்தான். இரண்டு வட்டத் தகடுகள், நடுவே அணில் கூண்டு போல வளைந்த பிளேடுகள். இரும்புக் குழாயை நீளவாக்கில் அறுத்தாலே பிளேடு வளைவு கிடைத்துவிடும், வார்ப்படமே தேவையில்லை. தண்ணீர் மேலிருந்து நுழைந்து, நடுவெளியைக் கடந்து, மறுபடி பிளேடுகள் வழியாக வெளியேறும். இரண்டு தடவை வேலை செய்கிறது. உள்ளே போகும் இலையைத் தண்ணீரே வெளியே தள்ளிவிடும். ஹெட் 5, 10, 30 மீட்டர், தண்ணீர் வினாடிக்கு 30, 50, 100 லிட்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்யலாம். உச்சத் திறன் மற்றவற்றைவிடக் குறைவு, சின்னவற்றில் 60, 70 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தண்ணீர் குறையும்போது மெதுவாகத்தான் இறங்கும்.

எங்கள் ஓடைக்கு ஏன் இல்லை? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 58 மீட்டர், 16 லிட்டருக்குச் சக்கரத்தின் அகலம் ஓர் இன்ச்கூட வரவில்லை. அப்பளம் மாதிரி ஒரு சக்கரம், அதில் பக்கவாட்டு இடைவெளியிலேயே பாதித் தண்ணீர் ஓடிவிடும்.

*ஃபிரான்சிஸ்.* நத்தை ஓடு போன்ற உறை, திறந்து மூடும் வழிகாட்டி இலைகள், கீழே தண்ணீர் வெளியேறும் டிராஃப்ட் டியூப். முழுத் தண்ணீரில் 90 சதவீதத்தைத் தாண்டும். பாதித் தண்ணீருக்குக் கீழே போனால் முகத்தைக் காட்டும், நடுங்கும். டிராஃப்ட் டியூப் இருப்பதால் சக்கரத்துக்குக் கீழே இருக்கும் உயரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் சக்கரத்தை மிக உயரத்தில் வைத்தால் குமிழி வெடித்துப் பிளேடைக் கொறித்துவிடும். மேட்டூர் அணையில் இருப்பது இந்த ரகம். அதே 58 மீட்டரில் வினாடிக்கு 2,000 லிட்டர் வந்தால் ஃபிரான்சிஸ்தான் பதில். ஹெட்டை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதுவே சாட்சி. சின்ன அளவில் இதைப் பட்டறையில் செய்யப் போகாதீர்கள், இடைவெளிகளும் சீல்களும் உயிரை எடுக்கும்.

*கப்லான்.* காசிமேட்டில் விசைப்படகின் புரொப்பெல்லரைப் பார்த்திருப்பீர்கள். இன்ஜின் அதைச் சுற்றினால் தண்ணீரைத் தள்ளும். அதையே குழாய்க்குள் வைத்துத் தண்ணீர் அதைச் சுற்றினால் புரொப்பெல்லர் டர்பைன். அதன் இலைகளை ஓட்டத்துக்கேற்பத் திருப்ப முடிந்தால் கப்லான். இரண்டு, மூன்று மீட்டர் ஹெட், ஏராளமான தண்ணீர், அதாவது கால்வாய் மதகு, தடுப்பணை மாதிரி இடங்களுக்கு. மேட்டூருக்குக் கீழே காவிரியில் செக்கானூர் போன்ற கதவணைகளில் இருக்கும் பல்ப் டர்பைன் இந்தக் குடும்பம்தான். இலை திரும்பாத சாதா புரொப்பெல்லர் மலிவு, ஆனால் தண்ணீர் குறைந்தால் படுத்துவிடும்.

*திருப்பி ஓட்டும் பம்பு.* இனி என் கதை. காயலான் கடையில் வார்ப்பிரும்பு சென்ட்ரிஃபியூகல் பம்பு ஒன்று வாங்கினேன். பெயர்ப்பலகையில் 10 லிட்டர், 35 மீட்டர் என்றிருந்தது. பம்பாக ஓடும் அளவுகளைப் போலச் சுமார் ஒன்றரை மடங்கு ஹெட்டும் லிட்டரும் டர்பைனாக ஓட வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். 15 லிட்டர், 52 மீட்டர். அடடா, நம் ஓடைக்கு அச்சடித்த மாதிரி! நவம்பரில் மாட்டினோம். காபிப் பழம் உரிக்கும் மோட்டார் ஓடியது, வீட்டில் விளக்கு எரிந்தது, எனக்கு மாலை போடாத குறைதான்.

பிப்ரவரியில் போன் வந்தது. "அண்ணே, ஒரு நிமிஷம் ஓடுது, அப்புறம் கொட்டாவி விடுது." பம்புக்குள் தண்ணீரை அடக்கி ஓட்ட வழிகாட்டி இலையோ முனையோ கிடையாது. அது 15 லிட்டர் கேட்கும், ஓடை 7 லிட்டர் கொடுக்கும். மேலே இருக்கும் தொட்டி காலியாகும், குழாயில் காற்று இறங்கும், ஹெட் விழும், சுற்று விழும், வோல்டேஜே எழும்பாது. வால்வைப் பாதி மூடிப் பார்த்தோம். வால்வு அழுத்தத்தைத் தின்றுவிட்டதே தவிர வேறு பிரயோஜனம் இல்லை.

பம்பின் மேல் குற்றமில்லை. கோடையிலும் ஓட்டம் மாறாத இடத்துக்கு அதுதான் மலிவு, உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையமே மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் ஒரே மிஷினைத்தான் பயன்படுத்துகிறது, ஆனால் அது அதற்கென்றே வழிகாட்டி இலைகளோடு செய்தது. உங்கள் ஓடையின் ஏப்ரல் லிட்டருக்குப் பொருந்தும் பம்பாகத் தேடினால் ஏமாற மாட்டீர்கள், மழைக்காலத்தில் மிச்சத் தண்ணீர் வீணாகப் போகும், அவ்வளவுதான்.

5. குழாய்: மூன்றில் ஒரு பங்கு காசு இங்கேதான்

எங்களுக்கு 240 மீட்டர் குழாய். 110 மி.மீ. எச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக்) குழாய் போட்டால் 16 லிட்டர் ஓட்டத்தில் உராய்வுக்கே 11 மீட்டர் போகிறது. 140 மி.மீ. போட்டால் மூன்றரை மீட்டர்தான். மொத்த ஹெட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்காதபடி குழாயைத் தேர்ந்தெடுங்கள். விற்பவர் சொல்லும் அளவு வெளிவிட்டம், கணக்குக்கு உள்விட்டத்தை எடுங்கள்.

அழுத்த வகுப்பையும் பாருங்கள். 62 மீட்டர் நிற்கும் தண்ணீருக்கு 6 கிலோ குழாய் என்பது வரம்பையே தாண்டுவது. வால்வைத் திடீரென்று மூடினால் அழுத்தம் தாவும். நாங்கள் 10 கிலோ குழாய் போட்டோம். பந்து வால்வு, பட்டர்ஃப்ளை வால்வு வேண்டவே வேண்டாம், மெதுவாகச் சுற்றி மூடும் கேட் வால்வுதான். பம்பு ஓடிய நாட்களில் ஒரு பையன் பந்து வால்வைச் சட்டென்று தட்டி மூடினான். குண்டு போட்ட மாதிரி ஒரு சத்தம். கீழிருந்த இணைப்பு பிய்த்துக்கொண்டது. யாருக்கும் அடிபடவில்லை.

6. காகிதங்களை முதலில் தொடங்குங்கள்

தோட்டத்துக்குள் ஓடினாலும் ஓடை பெரும்பாலும் புறம்போக்குதான், தண்ணீர் அரசாங்கத்தினுடையது. பட்டா, சிட்டா, புல வரைபடம் மூன்றையும் எடுத்துவைத்து, தண்ணீர் எடுக்கும் இடமும் குழாய் போகும் வழியும் எந்தச் சர்வே எண்ணில் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முழம் வனத்துறை நிலத்தில் போனாலும் அது தனி அனுமதி, தனிக் காலம். அப்படி இருந்தால் குழாய் வழியையே மாற்ற முடியுமா என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரில் தொடங்கி வட்டாட்சியர், நீர்வளத்துறை என்று போகும். மலைப்பகுதிக் கட்டுப்பாடு உங்கள் கிராமத்துக்கு உண்டா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். எங்கள் தோட்டக்காரருக்கு எழுத்தில் பதில் வர ஏழு மாதம் ஆனது. டர்பைன் செய்ய ஆனதோ மூன்று மாதம்.

தண்ணீரை எடுத்துவிட்டு அதே ஓடையில் கீழே விடுகிறோம், குறைவதில்லை என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். நடுவே இருக்கும் 240 மீட்டரில் யாராவது தண்ணீர் எடுக்கிறார்களா என்றும் பாருங்கள். இருந்தால் அவர்களிடம் முதலில் பேசுங்கள், மனு அப்புறம்.

மின்சார வாரிய லைனோடு சேர்க்க நினைத்தால் அது வேறு பெரிய வேலை. தனியாக ஓட்டுவதாக இருந்தாலும் மின் ஆய்வுத் துறையில் உங்கள் அளவுக்கு என்ன தேவை என்று கேளுங்கள். வீட்டுக்குள் வாரியக் கரண்ட்டும் டர்பைன் கரண்ட்டும் வரும் என்றால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சேர்க்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். லைனில் வேலை செய்யும் ஆள் செத்துப்போகக்கூடிய விஷயம் இது.

7. பட்டறைக்கு ஆர்டர் கொடுப்பது

வாய்ப்பேச்சில் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு தாளில் எழுதுங்கள்: மொத்த ஹெட், குழாயின் உள்விட்டமும் நீளமும், டிசம்பர், பிப்ரவரி, ஏப்ரல் லிட்டர், எத்தனை சுற்று, ஒரு ஃபேஸா மூன்று ஃபேஸா, தண்ணீரில் மணல் உண்டா. இரண்டு பக்கமும் கையெழுத்து போடுங்கள். இந்தத் தாள் இல்லாமல் விலை சொல்லும் பட்டறை, நான் முதலில் செய்ததைத்தான் செய்யப்போகிறது.

கிண்ணங்களுக்கு கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எங்களுக்கு 20 கிண்ணங்கள், அகலம் ஜெட்டைப் போல மூன்று மடங்கு. பேட்டர்ன் செய்த பெரியவர் ஒரு விஷயம் சொன்னார்: "தம்பி, கிண்ணத்துக்குள்ள கண்ணாடி மாதிரி இருக்கணும், வெளிய எப்படி இருந்தா என்ன." உள்பக்கத்தைப் பாலிஷ் செய்யாமல் வாங்காதீர்கள். ஒவ்வொரு கிண்ணத்தையும் எடை போட்டு, எதிரெதிரே சம எடை வரும்படி மாட்டச் சொல்லுங்கள். முனைகள் இருக்கும் குழாய் அமைப்பை, நிற்கும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கில், எங்களுக்குச் சுமார் ஒன்பதரை கிலோவில், உங்கள் கண்முன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

பேரிங், சீல், ஃபிளான்ஜ், ஃபாஸ்ட்னர் எல்லாம் பாரிமுனையில் செம்புதாஸ் தெரு, லிங்கி செட்டி தெருப் பக்கம் அரை நாளில் முடிந்துவிடும். சனிக்கிழமை மாலை போகாதீர்கள்.

ஜெனரேட்டருக்குப் பழைய ஏழரை எச்பி நாலு துருவ (4-pole) மோட்டாரைக் கெப்பாசிட்டர் போட்டு ஓட்டுகிறோம். லோடு குறையும்போது மிச்சக் கரண்ட்டைத் தண்ணீர் ஹீட்டருக்குத் திருப்பும் லோடு கண்ட்ரோலர் கூடவே வேண்டும். அதை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் விளக்குகள் வெடிக்கும்.

8. எங்கள் பில்

குழாய் 1,18,000. பேட்டர்னும் கிண்ண வார்ப்படமும் 39,000. உறை, ஷாஃப்ட், பேரிங், முனைகள் 40,000. பழைய மோட்டார் 12,000. லோடு கண்ட்ரோலர் 45,000. மேலே தொட்டி, சல்லடை, கீழே மேடை 70,000. வண்டி 18,000. ஆக 3,42,000 ரூபாய், என் கூலி இல்லாமல். கூலி வாங்க எனக்கு முகமில்லை. முதல் பம்புக்கும் அதை மாட்டிக் கழற்றியதற்கும் போன 60,000 ரூபாயில் பாதியையும் நானே ஏற்றுக்கொண்டேன்.

ஜிஎஸ்டி பில்லில் டர்பைனுக்கு எச்எஸ்என் (சரக்குக் குறியீட்டு எண்) 8410, பம்புக்கு 8413. பம்பைக் கொடுத்துவிட்டு டர்பைன் என்று பில் போட்டால் பின்னால் தலைவலி, உங்கள் ஆடிட்டரிடம் முதலிலேயே கேளுங்கள். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு போனால் இ-வே பில் வேண்டும். எங்கள் குழாய் அதில் வந்தது.

9. எப்போது ஏற்றுவது

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். 12 மீட்டர் குழாய் வாங்கினால் 20 துண்டு, 19 ஜாயின்ட், வேலை சுலபம் என்று ஆர்டர் போடப் போனேன். லாரிக்காரர் சிரித்தார். 6 மீட்டராக மாற்றி 40 துண்டு, 39 ஜாயின்ட். ஜாயின்ட் சூடாக்கும் மிஷினுக்கு மேலே கரண்ட் வேண்டும், ஒரு டீசல் ஜெனரேட்டரையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

பேட்டர்னுக்கு மூன்று வாரம், வார்ப்படத்துக்கு மூன்று வாரம், கடைசல், பாலிஷ், டெஸ்டுக்கு மூன்று வாரம், மாட்டுவதற்கு இரண்டு வாரம். வேலையை ஏப்ரலில் தொடங்கினால் ஜூலையில் முடியும். ஐப்பசிக்குத் தள்ளிவிடாதீர்கள். மேலே மழையில் மண் வெட்ட முடியாது, இங்கே கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வார்ப்படம் அந்தப் பக்கமும் நாம் இந்தப் பக்கமுமாக இருப்போம்.

10. முதல் ஓட்டம்

முதலில் முனைகளைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் குழாயைக் கழுவுங்கள். எங்களுக்கு ஒரு செருப்பு, கைப்பிடி நிறைய பிளாஸ்டிக் சுருள், ஒரு தவளை வந்தன. அப்புறம் ஒரே ஒரு முனை, வால்வைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திறவுங்கள்.

லோடு திடீரென்று விழுந்தால் பெல்டன் வழக்கமான சுற்றைப் போல 1.8 மடங்குவரை பறக்கும், 1,500 என்பது 2,700 ஆகும். கப்லான் ரகம் இன்னும் மோசம். அந்தச் சுற்றைத் தாங்கும் பேரிங்கா, கப்ளிங்குக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆட்களைப் பக்கத்தில் விடுங்கள். ஜெட்டுக்கு முன்னால் விழுந்து தண்ணீரைத் திருப்பிவிடும் தகடு ஒன்று வைத்தால், வால்வை மூடாமலே சக்கரத்தை நிறுத்தலாம். நான் அதைக் கையால் இழுக்கும் கம்பியில் வைத்திருக்கிறேன், ஸ்கூட்டர் பிரேக் கேபிள்தான்.

ஒரு வாரம் கழித்து கிண்ண போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள், ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. மேல்தொட்டிச் சல்லடையை மழைக்காலத்தில் தினமும் காலையில் தட்டிவிட ஆள் வேண்டும். எங்கள் தோட்டத்தில் காபி பறிக்க வரும் ஓர் அக்காவிடம் அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். சல்லடை அடைத்தால் அவர் வீட்டு டிவிதான் முதலில் அணைகிறது, அதனால் மறப்பதில்லை.